ஸ்டாம்பு சேர்ப்பவர்களில் ஐந்து வகை



போன வாரம் ஸ்ரீரங்கம் வீட்டுப் பரணை ஒழித்தோம். பழைய டிரங்குப் பெட்டிக்குள் பள்ளி ஸ்டாம்பு மன்றத்தின் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. 1984-85 என்று அட்டையில் என் கையெழுத்து. உள்ளே ஐந்து பத்திகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு கொடுத்து, கீழே உங்களில் சிலருடைய பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பு எடுக்கிற பழக்கம் எதையும் வகை பிரிக்காமல் விடுவதில்லை. ஐந்தாவது பத்தியில் ஒரே ஒரு பெயர். அந்தப் பக்கத்தில் ஒரு பட்டர் பேப்பர் உறைக்குள் ஒற்றை இலங்கை ஸ்டாம்பு. அதைப் பார்த்ததிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மன்றத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. பீங்கான் பேசின் நிறைய தண்ணீர், மேஜை மேல் பழைய செய்தித்தாள். கவரின் மூலையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டு, பசை ஊறியதும் ஸ்டாம்பை மட்டும் உரித்து, காகிதத்தில் கவிழ்த்து உலர்த்துவோம்.

நம் ஊரில் ஸ்டாம்புக்குப் பஞ்சமே கிடையாது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதி எங்கே போனாலும் ஒவ்வொரு வீட்டு ரேழியிலும் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதங்களையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். கல்கத்தாவில் வேலைக்குப் போன மாமா, பம்பாயில் இருக்கும் பிள்ளை என்று இரண்டு தலைமுறைத் தபால் ஒரே கம்பியில் இருக்கும். திருச்சிப் பக்கம் வந்தால் மலேயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள் ஒரு பக்கம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்ட ஏற்படுத்திய சிலோன் லேபர் கமிஷனுக்குத் தலைமையிடமே வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சினாப்பள்ளிதான். அப்படிப் போனவர்களின் கடிதங்கள்தான் நம் பேசினுக்குள் மிதந்தன. அதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி அந்த ஐந்து பத்திகளுக்கு வருகிறேன். இவை நம் பள்ளியில் மட்டும் இருந்தவை அல்ல. ஸ்டாம்பு பிறந்த நாளிலிருந்தே இந்த ஆட்களும் கூடவே பிறந்திருக்கிறார்கள்.

முதல் பத்தி: குவிப்பவர்கள்.

உலகத்தின் முதல் ஒட்டும் தபால்தலை இங்கிலாந்தின் பென்னி பிளாக். 1840 மே 6 முதல் செல்லுபடியானது. அடுத்த ஓரிரு வருஷத்திலேயே லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஓர் இளம்பெண் விளம்பரம் கொடுத்தாள். தன் அலங்கார அறையின் சுவர் முழுக்கப் பழைய ஸ்டாம்புகளை ஒட்டப்போவதாகவும், நண்பர்கள் உதவியால் 16,000 சேர்ந்துவிட்டதாகவும், இன்னும் வேண்டும் என்றும் அதில் இருந்தது. எந்த நாடு, எந்த வருஷம் என்ற கவலையே அவளுக்கு இல்லை. எண்ணிக்கைதான் எல்லாம்.

நம் மன்றத்திலும் அப்படி ஒருவன் இருந்தான். பிஸ்கட் டின் நிறைய ஸ்டாம்பு. "எத்தனைடா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "என்னென்ன?" என்று கேட்டால் முழிப்பான். ஸ்ரீரங்கத்துக் கம்பிகளில் பாதி அவனால்தான் காலியாயின. நடுவில் ஓட்டை விழுந்த ஸ்டாம்பைக்கூட விடமாட்டான். நான் அவனைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

இரண்டாவது: அடுக்குபவர்கள்.

1862-இல் பாரிஸில் ஜுஸ்தேன் லாலியே என்பவர் ஸ்டாம்புக்கென்றே ஓர் ஆல்பம் வெளியிட்டார். நாடு வாரியாகப் பக்கம், ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் ஒரு கட்டம். அழகான ஏற்பாடு. ஆனால் கட்டங்கள் சிறியவை. ஸ்டாம்பு அதற்குள் அடங்காதபோது ஜனங்கள் கட்டத்தை மாற்றவில்லை, ஸ்டாம்பின் ஓரத்தைக் கத்தரித்தார்கள். இன்றைக்கு விலை மதிப்பில்லாத எத்தனையோ தலைகள் அப்படி ஓரம் போய்ப் பாழாயின.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1854-இல் கல்கத்தாவில் அச்சான நாலணா ஸ்டாம்பில், ராணியின் தலையைச் சுற்றி எட்டுப் பட்டைச் சட்டம் இருக்கும். அந்தக் கால ஸ்டாம்புக்கு ஓரத்தில் பல் கிடையாது, கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சட்டம் எட்டுப் பட்டையாக இருக்கிறதே என்று ஸ்டாம்பையும் எட்டுப் பட்டையாக வெட்டிவிட்டவர்கள் நிறைய. ஓரம் நாலு பக்கமும் பிழைத்த நாலணாவுக்கு உள்ள மதிப்பு வெட்டுப்பட்டதற்கு இல்லை.

நம் மன்றத்தில் அடுக்குகிறவள் ஒரு மாணவி. அடிக்கோல் வைத்துத்தான் ஒட்டுவாள். அவளுடைய ஆல்பத்தை மற்றப் பிள்ளைகளிடம் காட்டி, "இப்படி இருக்கணும்" என்று சொல்வேன். எனக்குப் பிடித்த வகை அது. ஏனென்றால் நானும் அந்த வகைதான்.

மூன்றாவது: வியாபாரிகள்.

1856-இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில், இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய ஸ்டாம்பு வராததால் உள்ளூர் அச்சகத்திலேயே அவசரமாக அச்சடித்தார்கள். அதில் ஒரு சென்ட் ஸ்டாம்பு, செந்நிறக் காகிதத்தில் கறுப்பு மை. 1873-இல் வெர்னன் வான் என்ற 12 வயதுப் பையனுக்கு அது வீட்டுக் கடிதங்களுக்கு நடுவே கிடைத்தது. வேறு ஸ்டாம்பு வாங்கக் காசு வேண்டியிருந்தது, 6 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அந்த வகையில் அது ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் மிஞ்சியிருக்கிறது. 2014 ஏலத்தில் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்குப் போயிற்று.

நம் வியாபாரி 6 ஷில்லிங்குக்கு ஏமாறுகிற ஆள் இல்லை. ஒரு மலேசியாவுக்கு மூன்று இந்தியா, ஒரு பூட்டானுக்கு ஏழு இந்தியா என்று அவனிடம் விலைப்பட்டியலே இருந்தது. இன்று பெரிய கடை வைத்திருக்கிறான், இதைப் படித்துச் சிரிப்பான். அன்று நான் அவனைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்தைச் சந்தையாக்காதே" என்று கண்டித்தேன்.

நாலாவது: துப்பறிபவர்கள்.

'ஃபிலாடெலி' என்ற பெயரை 1864-இல் பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பென் வைத்தார். அந்தக் காலத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஆங்கிலேயக் கட்சிக்குப் படமும் நிறமும் வேறாக இருந்தால்தான் வேறு ஸ்டாம்பு. பிரெஞ்சுக் கட்சி அப்படி விடாது. காகிதம் என்ன, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நீர்க்குறி தெரிகிறதா, ஓரத்தில் எத்தனை பல் என்றெல்லாம் பார்க்கும். டாக்டர் லெக்ரான் என்ற பாரிஸ்காரர் 1866-இல் பல்லை அளக்க ஓர் அளவுகோலே செய்தார். 2 சென்டிமீட்டரில் எத்தனை பல் என்பது கணக்கு. இன்றும் உலகம் முழுக்க அதே கணக்குத்தான். ஒரே படம், ஒரே நிறம், ஆனால் பல் எண்ணிக்கை வேறு என்றால் அது வேறு ஸ்டாம்பு. மற்றவர்கள் இவர்களைப் பைத்தியம் என்றார்கள். கடைசியில் ஜெயித்தது இவர்கள் கட்சி.

நம் பள்ளியில் அப்படி ஒருவன், அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருவான். ஒரு பீரியடு முழுக்க ஒரே ஸ்டாம்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். "நேரத்தை வீணாக்காதே" என்று அவனுக்கும் என் வாயால் திட்டு விழுந்தது.

ஐந்தாவது பத்திக்கு நான் கொடுத்த தலைப்பை எழுதக் கை கூசுகிறது. 'கருமி.'

உலகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் ஃபெராரி என்று ஒரு பெரும் பணக்காரர், 1850-இல் பிறந்து 1917-இல் இறந்தவர். நான் சொன்ன அந்தக் கயானா ஸ்டாம்பும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அரிய ஸ்டாம்பு எங்கே இருந்தாலும் விலை கேட்காமல் வாங்குவார், உள்ளே போனது வெளியே வராது. அதே காலத்தில் லண்டனில் டாப்ளிங் என்பவர் தன் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1891-இல் போய்ச் சேர்ந்தார். ஒருவர் வள்ளல், ஒருவர் கருமி என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபெராரியும் உயில் எழுதியிருந்தார், எல்லாம் பெர்லின் தபால் மியூசியத்துக்கு என்று. நடுவில் உலக யுத்தம் வந்தது. பிரெஞ்சு அரசாங்கம் எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதல் செய்து, 1921 முதல் 1925 வரை ஏலம் விட்டது. கொடுக்க நினைத்தவர்தான் அவரும். சந்தர்ப்பம் அவரைக் கருமியாக்கிவிட்டது.

இப்போது நம் பள்ளிக் கதை.

1985-இன் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் நிலை நிலையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் நம் பள்ளிகளில் இடம் கொடுத்தார்கள். கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பையன் எட்டாம் வகுப்பில் சேர்ந்தான். மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அதிகம் பேசமாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு வந்து வாசலிலேயே நின்றான். கையில் ஒரு கவர். ஒரே ஒரு கவர். உள்ளே வரச் சொன்னேன். கவரின் வலது மூலையில் இலங்கை ஸ்டாம்பு, மேலே முத்திரை. வியாபாரி அதற்கு ஐந்து இந்தியா தருவதாகச் சொன்னான். பையன் தலையை ஆட்டி மறுத்தான். அடுத்த வாரமும் வந்தான், அதே கவர். தொட்டுப் பார்க்கக்கூட ஒருவனிடமும் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "இத்தனை பேர் இவ்வளவு கொண்டுவந்து போடறாங்க. ஒரு ஸ்டாம்பை வச்சுக்கிட்டு இப்படிக் கருமித்தனம் பண்ணலாமா?" பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. கவரை என்னிடம் நீட்டிவிட்டான். நான் வழக்கம்போல மூலையைக் கிழித்துப் பேசினில் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஸ்டாம்பு சுத்தமாக உரிந்து வந்தது. கூழான காகிதத்தைத் தண்ணீரோடு ஜன்னல் வழியே கொட்டினேன். ஸ்டாம்பை உலர்த்தி அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஊர்ப்பேர் எங்க சேர்? அந்த வட்டத்தில ஊர்ப்பேர் இருந்திச்சு சேர்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அம்மாவும் பிள்ளைகளும் முன்னால் வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அவரிடமிருந்து வந்த ஒரே கடிதம் அது. தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டேன், போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து எழுதுகிறேன் என்று மட்டும் இருந்ததாம். விலாசம் இல்லை. எங்கேயிருந்து தபாலில் போட்டார் என்று சொல்லக்கூடியது அந்த வட்ட முத்திரை ஒன்றுதான். அது மங்கலாக இருந்தது. ஸ்டாம்பு சாருக்கு முத்திரை படிக்கத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் மூன்று வாரமாக வாசலில் நின்றிருக்கிறான். கேட்கக் கூச்சம். நானும் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தப் பத்தியில் போடலாம் என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே ஓடினேன். காகிதம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஒன்றும் தேறவில்லை.

அன்று மன்றம் ஆறரை மணி வரை நடந்தது. அதை நடத்தியது நான் இல்லை, அந்தப் பிள்ளைகள்.

முத்திரையின் வலப்பக்கம் ஸ்டாம்பில் இருந்தது, இடப்பக்கம் கிழித்த காகிதத்தோடு போய்விட்டது. பூதக்கண்ணாடிக்காரன் ஸ்டாம்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஊர்ப்பெயரின் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: ஐ, ஒய், ஏ. அதற்கு முன்னால் ஸ்டாம்பின் பல்லோரத்தில் அரைகுறையாக இன்னொரு எழுத்து.

பிஸ்கட் டின்காரன் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தான். டின்னைக் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினான். அதிலிருந்த இலங்கை ஸ்டாம்புகளை வியாபாரி மளமளவென்று பொறுக்கினான், எந்த நாட்டு ஸ்டாம்பு என்பது அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அடுக்குகிறவள் அவற்றை முத்திரையின் ஊர்ப்படி வரிசையாக வைத்தாள். அட்லஸையும் எடுத்துப் பட்டியல் போட்டோம். நுவரெலியா, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பேராதனை, களனி, வவுனியா. ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாமே அந்த மூன்று எழுத்தில்தான் முடிகின்றன.

பூதக்கண்ணாடிக்காரன் அரைகுறை எழுத்தை விட்டபாடில்லை. "சார், நேர்க்கோடு ஒண்ணு நிக்குது. 'எல்'லா இருந்தா வலப்பக்கம் கால் மட்டும்தான் கீழே தெரியும். 'டி'யா இருந்தா மேலே குறுக்குக்கோடு தெரியும். இது 'என்' சார்" என்றான். அதோடு நுவரெலியாவும் மஸ்கெலியாவும் நாவலப்பிட்டியும் போயின. பேராதனை, களனி, வவுனியா மூன்றும் நின்றன. அதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை.

பட்டியலை அந்தப் பையனிடம் படித்துக் காட்டினேன். வவுனியா என்றதும் நிமிர்ந்தான். "வவுனியாவில எங்க மாமா இருக்கார் சேர். எழுபத்தேழு கலவரத்தில போனவர். காடு வெட்டிக் காணி செய்யறார்" என்றான். 1977-இலும் 1983-இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அப்பா வடக்கே வந்து மைத்துனன் வீட்டை அடைந்திருக்கிறார் என்றால் அது நல்ல சேதி. உறுதியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை அவனை முகாமில் கொண்டுவிட்டபோது அவன் அம்மா அந்த ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக் கும்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமாவின் பெயரைப் போட்டு வவுனியா போஸ்ட் மாஸ்டர் பார்வைக்கு என்று ஒரு கடிதம் எழுதி, மறுநாளே தலைமைத் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

ஸ்டாம்பை அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க வச்சிருங்க சேர், தொலையாம இருக்கும்" என்றான். பரீட்சை முடிந்ததும் குடும்பம் வேறு முகாமுக்கு மாறிப் போய்விட்டது. என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ஸ்டாம்பு உலகமும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. உறையோடு, முத்திரையோடு, விலாசத்தோடு அப்படியே வைத்துக்கொள்வதுதான் மேல், அதுதான் தபால் சரித்திரம் என்று பிற்காலத்தில் ஒரு கட்சி எழுந்தது. 1847-இல் மொரீசியஸில் அச்சான ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் ஸ்டாம்புகள் இரண்டும் ஒட்டி, பிரான்சில் போர்தோ நகரத்து ஒயின் வியாபாரிக்குப் போன ஒரு கடித உறை இருக்கிறது. யாரும் உரிக்காமல் விட்டதால் அது பிழைத்தது. 1993-இல் சூரிச்சில் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்கு விற்றது. இதைச் செய்தித்தாளில் படித்த அன்று எனக்கு அந்தப் பேசின்தான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கவரையும் நான் கிழித்ததில்லை. கவர் கொண்டுவருகிறவனிடம் முதலில் "இது யார் போட்ட கடிதம்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அந்த நாலு பேரும் அன்று இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஊர்ப்பெயர்கூடக் கிடைத்திருக்காது. குவித்தவனின் குப்பை உதவியது, நேரத்தை வீணாக்கியவனின் கண் உதவியது, சந்தைக்காரனின் வேகம் உதவியது. எனக்குப் பிடித்த அடுக்குகிறவளும் உதவினாள். உதவாமல் போனது வகை பிரித்த வாத்தியார் மட்டும்தான். கூப்பிட்டுத் திட்டியவர்கள் எல்லாரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டில் ஐந்தாவது பத்தியின் தலைப்பை அடித்துவிட்டேன், நாற்பது வருஷம் கழித்து.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு வயது இருக்கும். உன் பெயரை இங்கே போடவில்லை, தம்பி. இதைப் படித்தால் உனக்கே தெரியும். அப்பா வந்து சேர்ந்தாரா? உன் ஸ்டாம்பு பத்திரமாக இருக்கிறது, தொலையவில்லை. அந்த வருஷம் கூடப் படித்தவர்கள் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால், அவனிடம் சொல்லி என்னோடு பேசச் சொல்லுங்கள். கமென்டில் அவன் பெயரைப் போட வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கடிதக் கம்பி இருந்தால், ஸ்டாம்பை உரிக்காதீர்கள். அப்படியே எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ஸ்ரீரங்கம்